இரண்டாவது கோடு

புனேயில் 2021 மே மாதம் ஒரு மருந்தின் பெயர் எல்லோர் வாயிலும் புரண்டது. ஆம்ஃபோடெரிசின்-பி. அதுவரை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மட்டுமே தட்டுத் தடுமாறிச் சொல்லிவந்த பெயர் அது. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக அலைந்து ஓய்ந்த குடும்பங்கள், நோயாளி பிழைத்து வீடு திரும்பிய சில நாட்களிலேயே மறுபடியும் தெருவுக்கு வந்தன. கன்னம் வீங்கியது. ஒரு பக்கத்துக் கண் மூடிக்கொண்டது. மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர்கள், மூக்கைத் தாண்டிக் கண்குழிக்கு வந்துவிட்டது, அடுத்தது மூளை என்றார்கள். மருந்தோ கடையில் கிடையாது. மாவட்ட நிர்வாகம் ஒதுக்கினால்தான் ஆஸ்பத்திரிக்கு வரும். வார்தாவில் ஒரு சிறு நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது தலைப்புச் செய்தியானது. புனேயின் எம்க்யூர் உட்பட ஐந்து கம்பெனிகளுக்கு மத்திய அரசு அவசரமாக அனுமதி கொடுத்தது.

அந்த ஆண்டு ஜூலைக்குள் நாட்டில் 45 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு இந்த நோய் வந்ததாகவும் 4,300 பேருக்கு மேல் இறந்ததாகவும் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மகாராஷ்டிரமும் குஜராத்தும்தான் அதிகம் பாதிக்கப்பட்டவை. நோயாளிகளைப் பற்றிக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கடிதம் போனது, 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ். பம்பாயிலும் புனேயிலும் பிளேக் பரவியபோது வெள்ளையர்கள் பிறப்பித்த சட்டம் அது. அந்தக் கெடுபிடியின் கோபத்தில்தான் சாப்பேகர் சகோதரர்கள் கணேஷ்கிண்ட் சாலையில் ராண்டைச் சுட்டார்கள். நூற்று இருபத்து நான்கு ஆண்டு கழித்து அதே சட்டம் ஒரு பூசணத்துக்காகத் தூசி தட்டி எடுக்கப்பட்டது.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. 'கருப்புப் பூஞ்சை' என்று நம் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே மாற்றிப்போட்ட மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மியூகர் வகைப் பூசணம் கறுப்பு அல்ல. அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால் செத்துப்போகிற சதைதான் கறுப்பு. நிஜமாகவே கறுப்பு நிறமுள்ள பூசணங்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் ஒன்றான கிளாடோஃபியலோஃபோரா மூளையில் கட்டி உண்டாக்கும், இந்தியாவிலிருந்து அது பலமுறை பதிவாகியிருக்கிறது. மராட்டிக்காரர்கள் 'புர்ஷி' என்பார்கள். நாம் பூஞ்சை, பூஞ்சணம், பூசணம், காளான் என்று நான்கு சொல் வைத்திருக்கிறோம். இதில் 'பூஞ்சை' என்றால் நோஞ்சான் என்றும் பொருள் உண்டு. பூஞ்சை உடம்பு என்று சொல்வதில்லையா? தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். நோய் எதிர்ப்புச் சக்தி நோஞ்சானாகிப்போன உடம்பைத்தான் இந்தப் பூசணங்கள் தேடி வருகின்றன. கட்டுப்படாத சர்க்கரை, அளவுக்கு மேல் ஸ்டிராய்டு, எய்ட்ஸ், மாற்றுச் சிறுநீரகம், புற்றுநோய் மருந்து என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் கதவைத் திறந்து வைத்திருக்கும்.

அந்தக் கோடையில் நடந்த ஒரு விஷயம் அதிகம் பேசப்படவில்லை. வசதியுள்ள குடும்பங்கள் தனியார் லேபுகளுக்கு ரத்தம் கொடுத்து 'ஃபங்கஸ் டெஸ்ட்' எடுக்கச் சொன்னார்கள். பீட்டா-டி-குளூக்கன், கேலக்டோமேனன் என்று இரண்டு சோதனைகள். இரண்டும் விலை கூடியவை. பூசணத்தின் செல்சுவரிலிருந்து ரத்தத்தில் கசியும் சர்க்கரைப் பொருளைக் கண்டுபிடிப்பவை. முடிவு 'இல்லை' என்று வந்தால் நிம்மதிப் பெருமூச்சு. ஆனால் மியூகர் வகைப் பூசணம் இந்த இரண்டு பொருளையும் சோதனையில் பிடிபடும் அளவுக்கு வெளியே விடுவதில்லை! அந்த 'இல்லை'க்கு மியூகரைப் பொறுத்தவரை எந்த அர்த்தமும் கிடையாது. உண்மையில் வேலை செய்தது மிகப் பழைய முறை: மூக்கின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ரிப்பன் போல அகலமான, தடுப்புச் சுவர் அதிகமில்லாத, செங்கோணத்தில் கிளைவிடும் இழைகள் தெரிந்தால் மியூகர். மெலிந்து, தடுப்புகளோடு, கவட்டை போலப் பிரிந்தால் பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ். பழகிய கண்ணுக்கு அரை மணி நேர வேலை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மியூகரை ஒன்றும் செய்யாது. எனவே எந்தப் பூசணம் என்று தெரிவது படிப்பாளிகளின் பொழுதுபோக்கு அல்ல, நோயாளியின் உயிர்.

பயோமார்க்கர் என்ற சொல்லுக்கு 'உயிர்க் குறிப்பான்' என்று கலைச்சொல் அகராதிகள் சொல்கின்றன. என்னைக் கேட்டால் 'குறி' என்பதே போதும். சித்த மருத்துவர்கள் நீர்க்குறி, நெய்க்குறி என்று வைத்திருந்தார்களே! நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்த்து நோயைச் சொல்வது. அது எவ்வளவு தூரம் சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. உடம்பைத் திறக்காமல், அது வெளியே விடும் ஒரு துளியிலிருந்து உள்ளே இருப்பதை அறிய வேண்டும் என்ற ஆசை பழையது என்பதற்காகச் சொன்னேன். தேரையர் கதையும் நினைவுக்கு வருகிறது. தீராத தலைவலிக்காரரின் மண்டையை அகத்தியர் திறந்து பார்க்கிறார். மூளையின் மேல் தேரை உட்கார்ந்திருக்கிறது. எடுக்க வழி தெரியாமல் அவர் நிற்கும்போது சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து சலசலக்க, தேரை துள்ளித் தண்ணீருக்குள் குதித்துவிடுகிறது. கதையில் மண்டையைத் திறந்த பிறகுதான் தேரை தெரிகிறது. இன்றைய நரம்பியல் டாக்டருக்குப் பிரச்சினையே திறக்காமல் தெரிந்துகொள்வதுதான்.

மியூகர் நோய் ஊர் முழுக்கத் தெரியும்படி வந்தது. முகத்தைத் தின்றது. அதனால் செய்தியானது. ஆனால் முகத்தில் ஒரு அடையாளமும் காட்டாமல் நேரே மூளைக்குப் போகும் இன்னொரு பூசணம் பல ஆண்டுகளாக நம்மிடையே இருக்கிறது. பெயர் க்ரிப்டோகாக்கஸ். புறா எச்சம் கலந்த மண்ணிலும் சில மரங்களின் பொந்துகளிலும் மட்கிய மரப்பட்டையிலும் இருப்பது. (மும்பை தாதரில் 2025-ல் புறாக்களுக்குத் தீனி போடும் இடத்தை மூடியபோது நடந்த ரகளை ஞாபகமிருக்கும். அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது நுரையீரல் ஒவ்வாமை. க்ரிப்டோகாக்கஸும் அந்த எச்சத்தில் இருக்கலாம்தான். ஆனால் ஆரோக்கியமான ஒருவர் அதைச் சுவாசித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.) எதிர்ப்புச் சக்தி விழுந்தவர்களின் நுரையீரலிலிருந்து அது ரத்தத்தில் கலந்து மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் போகிறது. உலகில் 2020-ல் எய்ட்ஸ் நோயாளிகளில் சுமார் 1,52,000 பேருக்கு இந்த மூளைக் காய்ச்சல் வந்ததாகவும் 1,12,000 பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். எய்ட்ஸ் சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முறையாக ஆபத்தான பூசணங்களின் பட்டியலை வெளியிட்டபோது மொத்தம் 19 பெயர்கள். உச்ச வரிசையில் வைத்த நான்கில் ஒன்று க்ரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ்.

அறிகுறி என்ன? தலைவலி. இரண்டு வாரம், மூன்று வாரம், போகாத தலைவலி. லேசான காய்ச்சல். வாந்தி. பிறகு பார்வை மங்கல், பிதற்றல். இந்த வரிசையை இந்தியாவில் எந்த டாக்டரிடம் சொன்னாலும் முதலில் நினைப்பது மூளைக் காசநோய். அதில் தப்பும் இல்லை. நம் நாட்டில் காசநோய் அவ்வளவு. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தாலும் இரண்டு நோயிலும் ஒரே ஜாடைதான்: லிம்போசைட் அணுக்கள் கூடியிருக்கும், புரதம் கூடியிருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும். காசநோய்க் கிருமியை அந்த நீரில் கண்ணால் பார்ப்பதும் அபூர்வம். அதனால் பல இடங்களில் காசநோய் மருந்தையும் கூடவே ஸ்டிராய்டையும் தொடங்கிவிட்டுக் காத்திருப்பார்கள். பூசணத்துக்கு அந்த மருந்து எதுவும் செய்யாது. அது பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. புனேயில் தமிழ் பேசுகிறவர்கள் இராணுவக் கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். கட்கி, ராஸ்தா பேட், தாபோடி பக்கம் போனால் காலையில் இட்லிக்கு மாவு வாங்க நிற்பவர்கள் தமிழில்தான் சண்டை போடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். அப்படி வந்த ஒருவர், விழுப்புரம் பக்கத்துக்காரர், வார்ப்படப் பட்டறையில் வேலை. மராட்டியும் இந்தியும் வீட்டாருக்கு வராது. யாரோ என் எண்ணைக் கொடுக்க, ஆஸ்பத்திரியில் பேசிச் சொல்வதற்காகப் போனேன். ஐந்து வாரமாகத் தலைவலி. ஒரு நர்சிங் ஹோமில் டிபி என்று சொல்லி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் ஊசி போட அவருடைய அம்மா விடவில்லை. "தண்டுல ஊசி குத்துனா காலு வெளங்காமப் போயிரும்மா, எங்க ஊர்ல ஒருத்தன் அப்படித்தான் கெடக்கான்" என்று என்னிடம் சொன்னார். இந்தப் பயத்தை நான் ஐம்பது பேரிடம் கேட்டிருப்பேன். ஊசி போவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே என்பதை யாரும் அந்த அம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கவில்லை.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பிறகு ரத்தத்திலேயே ஒரு சோதனை செய்தார்கள். காகிதப் பட்டை. ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு கரைசல், பத்து நிமிடம். இரண்டாவது கோடு வந்துவிட்டது. கொரோனா காலத்தில் வீட்டிலேயே பார்த்தோமே, கர்ப்பம் பார்க்கக் கடையில் விற்கிறார்களே, அதே சமாச்சாரம். பிறகு அம்மா சம்மதித்து, தண்டுவட நீரை எடுத்தபோது அது பீறிக்கொண்டு வந்ததாக டாக்டர் சொன்னார். மண்டைக்குள் அவ்வளவு அழுத்தம். நீரை எடுத்த அன்று இரவே தலைவலி பாதி குறைந்தது. இந்த நோயில் நீரை எடுப்பது சோதனை மட்டுமல்ல, சிகிச்சையும்தான்.

டாக்டர் 'மூளையில் ஃபங்கஸ்' என்றார். நான் 'பூஞ்சை' என்று சொன்னேன். மனைவிக்குப் புரியவில்லை. 'பூசணம்' என்றதும், "ஊறுகாய்ல பூக்குமே, அதாக்கா?" என்று கேட்டார். ஆமாம், அந்த ஜாதிதான் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இத்தன நாளு சாப்ட்ட டிபி மாத்திரை?" என்றார். அதை நான் மராட்டியில் சொன்னேன். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, கணவரின் சம்மதத்தோடு கவுன்சிலர் அவரைத் தனியறைக்குக் கூப்பிட்டு இன்னொரு செய்தியையும் சொன்னார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எச்.ஐ.வி. இருப்பது அதுவரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அவர் பிழைத்துக்கொண்டார். பார்வை முக்கால்வாசி போய்விட்டது. அழுத்தத்தில் கண் நரம்பு நசுங்கி வாரக்கணக்கில் இருந்தால் அப்படித்தான்.

அந்தக் காகிதப் பட்டையின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேல் க்ரிப்டோகாக்கஸைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டது 'இந்தியா இங்க்'. கரிப்புகையில் செய்த கறுப்பு மை. தண்டுவட நீரில் ஒரு சொட்டு மை கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இரவு வானத்தில் நிலாவுக்கு வட்டம் போட்டாற்போலப் பூசண அணுவைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். மை புக முடியாத அந்த வளையம்தான் அதன் தடித்த மேலுறை. (இந்தியா இங்க் சீனத்து மை. இந்தியா வழியாக வந்ததால் ஆங்கிலேயர்கள் வைத்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஒழுங்காகச் சீன மை என்றே சொல்கிறார்கள்.) மலிவு, அழகு. ஆனால் பூசண அணுக்கள் குறைவாக இருக்கும் ஆரம்ப நாட்களில் கோட்டை விட்டுவிடும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்து 2014-ல் வெளியான ஆய்வில் மை சோதனை நூற்றுக்கு 86 பேரைத்தான் கண்டுபிடித்தது. காகிதப் பட்டை 99 பேரை.

மேலுறையின் சர்க்கரைப் பொருள் நீரிலும் ரத்தத்திலும் உதிர்ந்து கலந்துகொண்டே இருக்கும். அதைப் பிடிப்பதுதான் தந்திரம். 1960-களிலேயே லேடெக்ஸ் மணிகளை வைத்து இதைச் செய்தார்கள். அதற்கு லேப் வேண்டும், குளிர்பெட்டி வேண்டும், பழகிய ஆள் வேண்டும். அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்தின் தாமஸ் கோசல் அந்தப் பொருளைக் கவ்விக்கொள்ளும் ஆன்டிபாடிகளை உருவாக்க, ஓக்லஹாமாவின் இம்மி என்ற நிறுவனம் அதைப் பட்டையில் ஏற்றியது. 2011-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. குளிர்பெட்டி வேண்டாம். கரண்ட் வேண்டாம். இன்னொரு நுணுக்கம்: இது உடம்பின் எதிர்வினையைத் தேடும் சோதனை அல்ல, பூசணத்தின் துணுக்கையே தேடும் சோதனை. எதிர்ப்புச் சக்தி படுத்துவிட்டவரின் உடம்பில் எதிர்வினையைத் தேடி என்ன பயன்?

அதைவிட முக்கியமான ஒன்று, தலைவலி தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே, சிலருக்கு மூன்று மாதத்துக்கும் முன்பே, இந்தத் துணுக்கு ரத்தத்தில் தென்பட்டுவிடுகிறது. எச்.ஐ.வி. இருந்து, எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நூறுக்குக் கீழே போனவர்களுக்கு முன்கூட்டியே பட்டையில் பார்த்து, கோடு வந்தவர்களுக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை கொடுத்தால் மூளைக்குப் போகாமல் தடுக்கலாம். தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் சுமார் 2,000 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். கூடவே வீட்டுக்குப் போய் மருந்து சாப்பிடுகிறார்களா என்று கவனித்துக்கொண்டார்கள். சாவு 28 சதவீதம் குறைந்தது. 2015-ல் வெளியான முடிவு. நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 வழிகாட்டி நெறிகளிலும் இந்த ரத்தச் சோதனை இடம் பெற்றிருக்கிறது. நெறியில் இருப்பது வேறு, மேஜையில் பட்டை இருப்பது வேறு என்று இந்தத் துறையில் இருக்கும் எவரும் சொல்வார்கள்.

பட்டையும் கடவுள் அல்ல. பூசணம் மிக மிக அதிகமாக இருந்தால் சில சமயம் கோடு மங்கிவிடும் அல்லது வராமலே போகும். கரைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ட்ரைகோஸ்போரான் என்ற வேறொரு பூசணம் இருந்தாலும் கோடு வரலாம். குணமாகி மாதக்கணக்கான பின்பும் கோடு வந்துகொண்டிருக்கும் என்பதால், சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இது உதவாது. ஆனாலும் ஒரே ஒரு பூசணத்துக்கு ஒரே ஒரு குறி என்ற அளவில் மருத்துவத்தில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

மற்றப் பூசணங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பீட்டா-டி-குளூக்கன் பல பூசணங்களுக்குப் பொதுவான குறி. அதைப் பார்க்கும் ரசாயனம் ஒரு கடல் ஜந்துவின் நீல ரத்தத்திலிருந்து வருகிறது: குதிரைலாட நண்டு. (நம் ஒரிசாக் கடற்கரையிலும் அது உண்டு.) காயத்துக்கு வைத்த பஞ்சு, டயாலிசிஸ் வடிகட்டி, ஏற்றிய சில ரத்தப் பொருட்கள் என எதெதற்கோ 'இருக்கிறது' என்று கூவிவிடும். க்ரிப்டோகாக்கஸுக்குப் பெரும்பாலும் மௌனம். மியூகரைப் பற்றி முன்பே சொன்னேன். ஆனாலும் இதற்கும் ஒரு நாள் வந்தது. அமெரிக்காவில் 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஒரு மருந்துக் கூடத்தில் தயாரான ஸ்டிராய்டு ஊசியில் பூசணம் கலந்திருந்தது. முதுகுவலிக்காக அதைப் போட்டுக்கொண்டவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேல். 753 பேர் நோயில் விழ, 64 பேர் இறந்தார்கள். பலரின் தண்டுவட நீரில் பூசணத்தை வளர்க்க முடியவில்லை. ஆனால் குளூக்கன் உயர்ந்திருந்தது, குணமாகும்போது இறங்கியது. மெக்சிகோவின் மடாமோரோஸ் நகரில் 2023-ல் அழகு சிகிச்சைக்காக முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஃபியூசேரியம் பூசணம் மூளைவரை போனபோதும் இந்தச் சோதனைதான் கை கொடுத்தது.

இதற்கெல்லாம் முன்பே நம் பக்கத்து வீட்டில் நடந்தது ஒன்று. கொழும்பில் 2005-ல், சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட ஐந்து பெண்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் மூளைக் காய்ச்சல் வந்தது. மூவர் இறந்தார்கள். சுனாமிக்குப் பிறகு குவிந்த மருத்துவப் பொருட்கள் ஈரம் புழுங்கும் கிடங்குகளில் கிடந்திருந்தன. அங்கிருந்து போன ஊசிக்குழல்கள் மீது சந்தேகம் விழுந்தது. குழந்தை பெற்ற பெண்ணுக்குத் தலைவலி என்றால் மயக்க ஊசியின் விளைவு என்று எல்லோரும் நினைப்பார்கள். யாருக்குப் பூசணம் தோன்றும்? இரக்கத்தோடு யாரோ எங்கிருந்தோ அனுப்பிய பொருள்.

புனே வைரஸ்களின் ஊர் என்று பெயரெடுத்தது. 1952-ல் தொடங்கிய தேசிய வைராலஜி நிறுவனம் இங்கே. 1992-ல் போசரியில் தொடங்கிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே. இப்போது அதன் பெயரிலும் வைராலஜி சேர்ந்துவிட்டது. பூசணத்துக்கு அவ்வளவு பெரிய பலகை இல்லை. ஆனால் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் தேசியப் பூசண வளர்ப்புச் சேகரம் இருக்கிறது. பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த எம்.ஜே. திருமலாச்சார், மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரில் பூசணக்கொல்லி மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். நுண்ணுயிருக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்: ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா. மருந்துக்குக் கம்பெனியின் பெயரெழுத்தில் 'ஹாமைசின்'. வெனிசுவேலாவின் ஒரினோகோ கரை மண்ணிலிருந்து ஆம்ஃபோடெரிசின் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. ஹாமைசின் உலகச் சந்தையில் நிலைக்கவில்லை. கம்பெனியும் பிறகு நலிந்தது. 2021-ல் அதே நகரத்தில் பூசண மருந்துக்கு ஆட்கள் அலைந்ததைப் பார்த்தபோது, பிம்ப்ரி வழியே பஸ்ஸில் போகும் ஒவ்வொரு முறையும் அந்த நீண்ட மதில்சுவரை நான் எட்டிப் பார்ப்பேன்.

மருந்து விஷயத்தில் நல்ல செய்தியும் இருக்கிறது. க்ரிப்டோகாக்கஸுக்கு முன்பெல்லாம் ஆம்ஃபோடெரிசினை நாள்தோறும் ஏற்ற வேண்டும். சிறுநீரகம் கெடும், ரத்தம் குறையும், படுக்கை வாரக்கணக்கில் நிரம்பிக் கிடக்கும். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2022 மார்ச்சில் வெளியான ஆய்வு, கொழுப்பு உறையிட்ட ஆம்ஃபோடெரிசினை ஒரே ஒரு தடவை அதிக அளவில் ஏற்றி, கூடவே இரண்டு மாத்திரைகளைப் பதினான்கு நாள் கொடுத்தால் போதும் என்று காட்டியது. பத்து வாரத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 25. பழைய முறையில் 29. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று ஃப்ளூசைட்டோசின். 1957-ல் உருவான மருந்து, காப்புரிமை எப்போதோ போய்விட்டது. உலகத்துக்கே மாத்திரை செய்து அனுப்பும் நம் நாட்டின் கடைகளில் அது நீண்ட காலம் கிடைக்கவே இல்லை.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் தலைவலியும் காய்ச்சலும் விடாமல் இருந்து, டிபி மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னால், ஆரம்பிக்கட்டும். அதோடு 'க்ரிப்டோகாக்கல் ஆன்டிஜன்' பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எச்.ஐ.வி. இருந்தால்தான் என்றில்லை, மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கும் நீண்ட நாள் ஸ்டிராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் வரும், எந்தக் குறையும் தெரியாதவர்களுக்கும் எப்போதாவது வரும். பெயர் வாயில் நுழையாவிட்டால் 'கிராக்' என்று சொன்னாலே லேபில் புரியும். முதுகில் ஊசி போட வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால், விரல் நுனி ரத்தத்திலேயே முதலில் பார்க்கலாம்.